நன்றியும் வாக்கும்

ஊரை அழிக்க வந்த வெள்ளத்தை ஒருவன் தடுத்து நிறுத்துகிறான். தண்ணீர் வடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஊர் கூடி, "நீ செய்தது பெரிய காரியம், இனி ஊர்ப் பொறுப்பை வேறொருவர் பார்க்கட்டும்" என்று சொல்லிவிடுகிறது. ஒரு நாவலை நான் இப்படி முடித்தால் வாசகர்கள் சும்மா விடுவார்களா? "இது என்ன நன்றி கெட்ட ஊர்?" என்று கடிதம் எழுதியே என்னைத் தீர்த்துவிடுவார்கள். ஆனால் சரித்திரம் வாசகர்களுக்குப் பயப்படுவதில்லை. 1945-இல் இங்கிலாந்தில் அது இந்தக் கதையைத்தான் எழுதிற்று.

அந்த வருஷம் மே 8-ஆம் தேதி ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்தது. லண்டன் தெருக்களில் திரண்ட ஜனங்கள் சர்ச்சிலைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள். ஜூலை 5-ஆம் தேதி வாக்களித்தார்கள். கடல் கடந்து நின்ற சிப்பாய்களின் வாக்குகளும் வந்து சேர வேண்டியிருந்ததால் ஜூலை 26-ஆம் தேதிதான் முடிவு தெரிந்தது. தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். சர்ச்சிலின் வலதுசாரிக் கன்சர்வேடிவ் கட்சிக்கும் அதன் துணைகளுக்கும் இருநூற்றுச் சொச்சம். பாட்ஸ்டாம் மகாநாட்டில் ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் உட்கார்ந்திருந்தவர், முடிவைக் கேட்க ஊர் வந்தார். திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அட்லி.

இது நன்றி கொன்ற செயலா? சர்ச்சில் நம் சுதந்திரத்துக்குக் குறுக்கே நின்றவர். அவர் தோற்றதில் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அந்தச் சந்தோஷத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டே இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். செஞ்சோற்றுக் கடனுக்காக மாண்ட கர்ணனை நினைத்தால் நமக்கு இன்றும் கண் கலங்குகிறது. ஆனால் அந்தக் கதையில் நாம் பேசாமல் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. கர்ணன் தன் உயிரை மட்டுமா கொடுத்தான்? தன் வில்லையும் அல்லவா கொடுத்தான்? அந்த வில்லால் மடிந்தவர்கள் துரியோதனனிடம் என்ன கடன் பட்டிருந்தார்கள்? தன் பொருளைக் கொடுத்து நன்றி செலுத்துவது தர்மம். பிறர் பொருளை எடுத்துச் செலுத்துவது எப்படித் தர்மமாகும்?

வாக்கும் அப்படிப்பட்ட பொருள்தான். சீட்டு என் கையில் இருக்கிறது. அதன் பலன் அடுத்த வீட்டுக்காரனையும் பிறக்கப் போகும் குழந்தையையும் சேர்கிறது. இங்கிலாந்து ஜனங்கள் யுத்தத்தை மறக்கவில்லை; யுத்தத்துக்கு முந்திய காலத்தையும் மறக்கவில்லை. 1930-களில் ஆட்சி பெரும்பாலும் கன்சர்வேடிவ்களின் கையில் இருந்தது. 1936-இல் ஜாரோ என்ற ஊரிலிருந்து வேலையிழந்த 200 பேர் லண்டனுக்கு நடந்தே வந்தார்கள். பிரதம மந்திரி பால்ட்வின் அவர்களைப் பார்க்க மறுத்துவிட்டார். அந்த நாட்கள் திரும்பி வரலாகாது என்பதே 1945-இன் கேள்வி. சர்ச்சிலோ ஜூன் 4-ஆம் தேதி வானொலியில், சோஷலிஸ்டுகள் ஆட்சி நடத்த வேண்டுமானால் ஒருவிதக் கெஸ்டபோ தேவைப்படும் என்று பேசினார். யுத்தம் முழுவதும் அவருடைய மந்திரி சபையிலேயே இருந்தவரைப் பற்றியா இந்தப் பேச்சு என்று கேட்டவர்கள் திகைத்தார்கள்.

"நன்றி கிடைக்காது என்று தெரிந்தால் எந்தத் தலைவன் கஷ்டமான கடமையைச் செய்ய முன்வருவான்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. ஆனால் சம்பந்தப்பட்டவரே அப்படிக் கேட்கவில்லை. அவருடைய வைத்தியர் 'நன்றியின்மை' என்று சொன்னபோது, ஜனங்கள் மிகவும் கஷ்டப்பட்டுவிட்டார்கள் என்று கூறி அந்தச் சொல்லை அவர் மறுத்ததாக வைத்தியரின் நாட்குறிப்பு சொல்லுகிறது.

தொழிற்கட்சிக்கும் நன்றி சாசனம் எழுதித் தரப்படவில்லை. 1948-இல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் கொண்டுவந்த அந்தக் கட்சி 1951-இல் ஆட்சியை இழந்தது. 76 வயதில் சர்ச்சில் திரும்பி வந்தார். வந்தவர் அந்த வைத்தியத் திட்டத்தைக் கலைத்துவிடவில்லை. தோல்வி அவருடைய கட்சிக்கு ஒரு பாடம் கற்பித்திருந்தது. ஜனங்கள் விலகிப் போவது தண்டனை மட்டும் அல்ல, போதனையும்தான்.

நம் காலத்திலும் இதைப் பார்க்கிறோம். போலந்தில் சட்டமும் நீதியும் என்ற வலதுசாரிக் கட்சி, 2016 முதல் குழந்தைகளுக்கு மாதம் 500 ஸ்லோட்டி கொடுத்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆயினும் 2023 அக்டோபரில் நூற்றுக்கு 74 பேர் வந்து வாக்களித்ததில் அந்தக் கட்சி 460-க்கு 194 இடங்களே பெற்று ஆட்சியை இழந்தது. கொடுத்த பணம் ஜனங்களின் வரிப்பணம். அதற்கு வாக்கைக் கடனாகக் கேட்பது முறையல்ல. 2025-இல் அதே கட்சி ஆதரித்தவர் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். ஜனங்கள் யாரையும் நிரந்தரமாக விரட்டுவதில்லை. யாருக்கும் நிரந்தரமாக அடிமைப்படுவதும் இல்லை.

அப்படியானால் நன்றியை எங்கே செலுத்துவது? 1965 ஜனவரியில் சர்ச்சில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைத்த அவர் உடலுக்கு மரியாதை செலுத்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குளிரில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் எத்தனையோ பேர் 1945-இல் அவர் கட்சிக்கு எதிராக வாக்களித்தவர்களாகவே இருக்க வேண்டும். இரண்டு நாளும் அவர்கள் செய்தது சரிதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.