கருக்காய் மிதக்கும் தண்ணீர்

ஆடிக் கடைசி. திருவையாற்றுக்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டுக் கொல்லை. சம்பா நாற்றங்காலுக்கு விதைநெல் பிரிக்கிறார். வாளியில் 10 லிட்டர் தண்ணீர், அடியில் ஒரு கோழிமுட்டை.

“இன்னிக்கு இட்டதுதானே?” என்று சித்தியிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

கல்லுப்பைப் பிடிபிடியாகப் போட்டுக் கலக்கினார். வெகுநேரம் முட்டை அசையவில்லை. பிறகு நிமிர்ந்தது, மெல்ல எழும்பியது. 25 காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரிந்ததும் கையை நிறுத்தினார். அந்தக் காசு 2011-இல் செல்லாமல் போனது. இந்த வேலைக்கு இன்னும் அதுதான் அளவு.

ஒன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கும். வாளிக்குள் இப்போது பதினொன்றரைக் கிலோ. மட்டமோ அரை லிட்டர் அளவுக்குத்தான் ஏறியிருக்கிறது. குறித்த இடத்துக்குள் எவ்வளவு எடை என்பது அடர்த்தி. அதை நல்ல தண்ணீரின் அடர்த்தியால் வகுத்தால் ஒப்படர்த்தி, இங்கே சுமார் 1.09. கிராம் இல்லை, கன சென்டிமீட்டர் இல்லை, வெறும் எண். தண்ணீர் கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்பதால் இரண்டுக்கும் ஒரே எண் வரும். பள்ளிக்கூடத்தில் அது என்னைப் பல நாள் குழப்பியது. ஒப்படர்த்தி என்பது தண்ணீரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. இந்தக் கொல்லையில்தான் அது எனக்குப் புரிந்தது.

முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினார். பதருக்கு உப்பு வேண்டாம். வெறும் தண்ணீரிலேயே மிதந்துவிடும். என் கண் கருக்காயில் நின்றது. பால் பிடித்தும் முழுக்க முற்றாத நெல். வெறும் தண்ணீரில் நல்ல நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். முளைக்கவும் செய்யும், ஆனால் நாற்று சோனியாக வரும். உப்புத் தண்ணீரில்தான் அது பிரிந்து மேலே வருகிறது. நெல் மாறவில்லை, பக்கத்தில் நின்ற தண்ணீர் மாறியது.

ஜப்பானில் யோகோய் தொகியோஷி 1882-இல் இந்த உப்புத்தண்ணீர்த் தேர்வை வகுத்தார். அங்கே சாதாரண நெல்லுக்கு 1.13 வைத்து, ஹைட்ரோமீட்டரால் அளக்கிறார்கள். முட்டையும் ஒரு ஹைட்ரோமீட்டர்தான். நாள்பட்டால் ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போய், உள்ளே காற்றறை பெருகி, குறைந்த உப்பிலேயே மிதந்துவிடும். சித்தப்பா இரண்டு தரம் கேட்டது அதற்காக.

மிதந்ததை அரித்துக் கோழிக்குப் போட்டார். அடியில் தங்கியதை மூன்று தண்ணீர் விட்டு அலசினார். உப்பு ஒட்டியிருந்தால் முளை கெடும். நாலாவது தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சாக்கில் கட்டி வாய்க்காலில் இறக்கினார்.