இடித்துரைத்தலும் இரக்கமும்

நலிந்து நிற்கும் ஒருவரிடம் அவருடைய குறையை எடுத்துரைப்பது அறமாகுமா? செழிப்பாக வாழ்பவரிடம் குறை கூறுதல் எளிது. அவர் அதனைத் தாங்கிக்கொள்வார், அன்றேல் புறந்தள்ளிவிடுவார். ஆனால் கடனாலும் கவலையாலும் சோர்ந்திருப்பவரிடம், 'உங்கள் பொருளின் தரம் தாழ்ந்துவிட்டது' என்று சொல்ல நா எழுவதில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சலாமா என்று மனம் தடுக்கிறது. ஆகவே வாய்மூடி இருந்துவிடுகிறோம். அம்மௌனத்திற்கு இரக்கம் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம். அப்பெயர் அதற்குப் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை என்முன் வைத்தவர் ஓர் இளைஞர். புணேயில் எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நுண்ணுயிரியலில் பட்டம் பெற்றவர். நகரின் ஒரு சிறிய பீர் ஆலையில் வேலை பார்த்துவந்தார். கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, சங்க மலரில் பீர் ஆலைக்கு என்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடி நன்றா தீதா என்பது இங்கே பேசுபொருள் அன்று. சட்டப்படி நடக்கும் ஒரு தொழிலில், பிழைப்புக்காகச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு நேர்ந்த மனப்போராட்டமே நமக்கு வேண்டுவது. அது இட்லி மாவு அரைத்து விற்பவரிடத்தும் எழக்கூடிய போராட்டமே.

பீர் வடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் அவருடைய இக்கட்டு விளங்கும். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை எடுத்து, ஹாப்ஸ் என்னும் பூங்கொத்துகளைச் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். அதனை ஆறவைத்து ஈஸ்ட் இடுவார்கள். கொதிக்கும் வரையில் கிருமிக்கு இடமில்லை. ஆறிய பிறகு தூய்மை ஒன்றே காவல். தொட்டியிலோ குழாயிலோ அழுக்குத் தங்கினால் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் புகுந்து புளிப்பேற்றிவிடும். இன்னொன்றும் உண்டு. நொதிக்கும்போது டைஅசிட்டைல் என்னும் பொருள் தோன்றி வெண்ணெய் வாடை தரும். இன்னும் சில நாள் பொறுத்தால் ஈஸ்ட்டே அதனை உட்கொண்டு நீக்கிவிடும். பொறுக்காமல் இறக்கினால் வாடை தங்கிவிடும்.

அந்த ஆலையில் நிகழ்ந்தவை இவ்விரண்டுமே. உரிமையாளர் வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும். வாடகை பாக்கி நின்றது. ஆகவே பத்து நாள் இருக்கவேண்டிய சரக்கு ஏழாம் நாளே விற்பனைக்கு இறங்கியது. துப்புரவு செய்யும் ஆளும் நிறுத்தப்பட்டார். பணமுடை அவசரத்தை ஈன்றது. அவசரம் குறையை ஈன்றது. குறை வாடிக்கையாளரை விரட்டியது. அவர்கள் விலகியதால் பணமுடை மேலும் முற்றியது. இச்சுழலை உள்ளிருந்து கண்டவர் அந்த இளைஞர் ஒருவரே. "மாமா, சொன்னால் அவர் மனம் உடைந்துபோவார், எனக்கும் வேலை போகலாம். சொல்லாவிட்டால் ஆலையே போய்விடும். நான் என்ன செய்வது?" என்று கேட்டார்.

இத்தகைய தருணங்களில் குறைகளைத் தரம் பிரித்துப் பார்ப்பது முதற்கடமை என்று நான் கருதுகிறேன். சுவை குன்றுதல் ஒரு வகை. வாங்குபவரை ஏமாற்றுதல், அதாவது கெட்டதென்று அறிந்தே நல்லதென்று விற்றல், இரண்டாம் வகை. உடலுக்குத் தீங்கு மூன்றாம் வகை. கெட்டுப்போன பீர் பெரும்பாலும் நாவைத்தான் வருத்தும். சாராயச் சத்தும் அமிலமும் ஹாப்ஸும் சேர்ந்து நோய்க்கிருமிகள் வளரவொட்டாமல் தடுக்கின்றன. ஆயினும் கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடா குழாயில் தங்கினாலோ, புட்டியில் அடைத்தபின் நொதித்தல் தொடர்ந்து புட்டி வெடித்தாலோ, அது உடலுக்கே கேடு. மூன்றாம் வகையில் சொல்வதா வேண்டாவா என்னும் கேள்விக்கே இடமில்லை. உடனே சொல்ல வேண்டும். இரண்டாம் வகையில் சொல்லாதவர் அப்பொய்க்கு உடந்தையாகிறார். முதல் வகையில் மட்டுமே காலமும் இடமும் தேர்ந்து பேசும் உரிமை நமக்கு உண்டு. அங்கும் பேசாதிருக்கும் உரிமை உண்டா என்பதே ஐயத்திற்குரியது.

வள்ளுவப் பெருந்தகையின் துணையை நாடினால் அவர் இரு திசையிலும் நம்மை இழுப்பதுபோல் தோன்றும். சிரித்து மகிழ்வதற்காக ஏற்பட்டதன்று நட்பு, வரம்பு மீறும்போது முற்பட்டுக் கண்டிப்பதற்காகவே ஏற்பட்டது என்கிறார். கண்டித்துரைக்கும் துணையில்லாத மன்னன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்றும் எச்சரிக்கிறார். ஆனால் வாய்மை அதிகாரத்தில், எவருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார்; குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் இடங்கொடுக்கிறார். மௌனத்தை விரும்புவோர் இவ்விடத்தைப் பற்றிக்கொள்வர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் நன்மை என்று மட்டும் சொல்லவில்லை. குற்றமற்ற நன்மை என்றார். 'உங்கள் பீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்னும் சொல் உரிமையாளருக்கு ஒரு மாலைப்பொழுதின் ஆறுதலைத் தரும். அடுத்த மாதத்தின் வருவாயைப் பறிக்கும். அதனைக் குற்றமற்ற நன்மை என்று எவ்வாறு சொல்வது?

வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1871ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி பாஸ்டர் இலண்டனில் ஒரு பெரிய பீர் ஆலைக்குச் சென்றார். அங்குப் பயன்பட்ட ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் வேற்று உயிர்கள் கலந்திருப்பதைக் கண்டார். அழையா விருந்தாளியின் சொல் அவர்களுக்குக் கசந்திருக்கலாம். ஆயினும் அவர் மறைக்கவில்லை. 'உங்கள் பீர் மோசம்' என்று தீர்ப்புக் கூறுவதோடு நில்லாமல், குறையின் காரணத்தைக் கண்ணுக்குக் காட்டினார். சில நாள் கழித்து அவர் மீண்டும் சென்றபோது அந்த ஆலையார் தாங்களே ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தனர். 1876இல் பீர் பற்றிய ஆய்வுகளை அவர் நூலாகவே வெளியிட்டார். 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் ஹான்சன் என்பவர் தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ஆலையின் அதிபர் அதனைத் தமக்கென்று பூட்டிவைக்காமல் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். குறையை ஒப்புக்கொண்டு ஆராய்ந்தவர்களால் ஒரு தொழில் முழுவதுமே நலம் பெற்றது.

ஆனால் பெரிய ஆலை நுண்ணோக்கி வாங்கும். சிறிய ஆலை என்ன செய்யும்? நியாயமான கேள்வி. நலிந்தவருக்குப் பெரும்பாலும் தம் குறை தெரிந்தே இருக்கும். தெரியாதது மீளும் வழி. ஆகவே வழி காட்டாத குறைகூறல் அவருக்குச் சுமையே. மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்பு எழுதிவரும் எனக்கு இதில் ஒரு சிறு பயிற்சி உண்டு. கோப்பில் பிழையை மட்டும் சுட்டிக் குறிப்பு எழுதினால், அதிகாரி ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிடுவார். பிழை இது, விதி இது, செய்யத்தக்கது இது என்று மூன்றையும் எழுதினால்தான் கோப்பு நகரும். குறையோடு வழியையும், வழியோடு நம் உழைப்பில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுப்பதே இடித்துரைத்தலின் இலக்கணம் என்று அந்த இளைஞரிடம் சொன்னேன்.

அவரும் அவ்வாறே செய்தார். பிறர் இல்லாத நேரம் பார்த்து, கெட்ட தொட்டி ஒன்றைக் கொட்டிவிடலாம், மற்றவற்றை மூன்று நாள் கூடுதலாக வைக்கலாம், குழாய்களைத் தாமே கழுவித் தருவதாகவும் கூறினார். உரிமையாளர் சீறினார், இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தொட்டியைக் கொட்டச் சொன்னவர், "இதை இரண்டு மாதம் முன்னரே சொல்லியிருக்கலாமே" என்றாராம்.

ஆலை பிழைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை, பீரின் தரம் திருந்தியது, கடன் தீரவில்லை, அடுத்த ஆண்டில் மூடப்பட்டது. அதனால் சொன்னது வீண் என்று ஆகிவிடாது. நோயாளி பிழைக்காவிடினும் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னது தவறாகாது. ஆனால் 'இரண்டு மாதம் முன்னரே' என்னும் அச்சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இரக்கம் என்று நாம் நினைத்திருந்த காலத்தின் விலையை அது கணக்கிட்டுக் காட்டுகிறது.

வெளியூரில் வாழும் நமக்கு இது நெருங்கிய செய்தி. நம்மவர் நடத்தும் மெஸ்ஸில் சாம்பார் நீர்த்துப்போனால், 'பாவம், கஷ்டப்படுகிறார்' என்று அவர் எதிரில் புன்னகைத்துவிட்டு, அடுத்த மாதம் முதல் வேறு கடைக்குப் போய்விடுகிறோம். கடுஞ்சொல் சொன்னவர் மறுநாளும் வருவார். சொல்லாமல் விலகியவர் திரும்புவதில்லை. காரணம் அறியாமல் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அந்த உரிமையாளருக்கு வேறு தண்டனை என்ன இருக்கிறது? நம் மௌனத்தில் அவர்பால் உள்ள இரக்கம் எவ்வளவு, சங்கடத்தைத் தவிர்க்க நாம் நமக்கே காட்டிக்கொள்ளும் இரக்கம் எவ்வளவு என்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நலிந்தவரிடம் உண்மையைச் சொல்லலாம். தனிமையில், இன்சொல்லால், வழியோடு, காலந்தாழ்த்தாமல் சொல்லவேண்டும். சொன்ன பிறகு அவர் கடையைவிட்டு எழுந்து போய்விடாமல், அடுத்த வேளையும் அங்கே அமர்ந்து உண்பதுதான் அச்சொல்லுக்கு நாம் இடும் கையொப்பம்.