அறுந்த இழை

(மருதமுனை. அஸர் தொழுகை முடிந்த நேரம். பக்கத்து வளவிலிருந்து கைத்தறிச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது.)

மாணவன்: ஹஸரத், ஓதவரும் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லித் தீர்ப்புக் கேட்டேன். வாப்பாவுக்கு உதவப் போன பையன் தறியில் தடுக்கி விழுந்து இருபது இழை அறுந்தது. இன்னொருவன் கோபத்தில் வேண்டுமென்றே ஓர் இழையை வெட்டினான். யார் பெரிய பிழைகாரன்? ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் இருபது இழைக்காரனைக் காட்டினார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் மற்றவனை.

ஹஸரத்: சுவிஸ் அறிஞர் பியாஜே 1932இல் எழுதியதும் இதைத்தான். கதவைத் திறக்கும்போது தெரியாமல் 15 கோப்பை உடைத்தவன் ஒருவன், களவாக ஜாம் எடுக்கப்போய் ஒன்றை உடைத்தவன் ஒருவன். சின்னவர்கள் உடைந்ததை எண்ணினார்கள்.

மாணவன்: அப்போ சின்னப் பிள்ளைக்கு நிய்யத் விளங்காதா?

ஹஸரத்: அவசரப்படாதே. பின்னால் வந்த ஆய்வாளர்கள், கதையில் வருபவனின் மனதில் இருந்ததைப் படமாகக் காட்டிக் கேட்டபோது, மூன்று வயதுப் பிள்ளையும் நோக்கத்தைக் கணக்கெடுத்தது. பியாஜேயும் பெரியவர்களைச் சும்மா விடவில்லை. பீங்கான் கோப்பை விழுந்தால் வீட்டில் முதலில் வரும் சொல் என்ன?

மாணவன்: "என்ன விலை தெரியுமா?"

ஹஸரத்: பிளாஸ்டிக் கோப்பை என்றால்?

மாணவன்: திரும்பியும் பார்க்க மாட்டோம்.

ஹஸரத்: நாம் போடும் சத்தத்தை வைத்துத்தான் பிள்ளை பிழையை அளக்கிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற ஹதீஸை மனனமாக்கிக் கொடுக்கிறோம். அதே வாயால் விலை சொல்லி ஏசுகிறோம். இது எனக்குப் பெரிய கவலை, மகன்.

மாணவன்: ஒரு சின்ன மகள் வேறு மாதிரிச் சொன்னாள். "அவன் வேணுமெண்டு செய்யல்ல, அடிக்கக் கூடா. ஆனா வாப்பாக்கு அந்த நூலெல்லாம் ஆரு முடிஞ்சு குடுக்கிற?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

ஹஸரத்: போயிருக்கக் கூடாது. நீ கிதாபில் ஓதியதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அடுத்தவர் பொருளைத் தவறுதலாக அழித்தவனுக்கு ஷாபிஈ மத்ஹபில் என்ன?

மாணவன்: பாவமில்லை. நட்டஈடு உண்டு.

ஹஸரத்: சின்னப் பிள்ளை அழித்தால்?

மாணவன்: பருவமடையும்வரை பாவம் எழுதப்படாது. ஆனாலும் அதற்குச் சொத்திருந்தால் நட்டத்தை அதிலிருந்து கொடுக்க வேண்டும்.

ஹஸரத்: அந்த ஐந்து வயதுப் பிள்ளைகளும் நட்டத்தைத்தான் காட்டியிருக்கலாம். வாப்பா குனிந்திருந்து அறுந்த நுனிகளைத் தேடி, எச்சில் தொட்டு முறுக்கி, ஒவ்வொன்றாக முடிவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நீ இரண்டு கேள்வியை ஒன்றாக்கிக் கேட்டாய். யாரை ஏசுவது என்பது ஒன்று. யார் இருந்து நூல் முடிவது என்பது மற்றது.

மாணவன்: ஏசாவிட்டால் அவன் முடிய உட்காருவானா, ஹஸரத்?

ஹஸரத்: ஏசினால் ஒளிந்துகொள்வான். வாப்பா அவன் விரலைப் பிடித்து முடிச்சுப் போடக் காட்டினால் உட்காருவான். நாளைக்கு அந்த மகளை முன்வரிசையில் இருத்து. அவள் கேட்டதை எல்லாப் பிள்ளைகளிடமும் திரும்பக் கேள்.