வாசலில் ஒரு கொய்யாச் செடி

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அரநெல்லி மரம் ஒன்று இருந்தது. காய்க்கும் பருவத்தில் பிள்ளைகள் கல்லெறிவோம். ஒரு நாள் கல் ஜன்னல் கண்ணாடியில் பட்டது. வீட்டுக்காரர் திட்டினார், பிள்ளையின் வாப்பா பதிலுக்குத் திட்டினார். அடுத்த வாரம் மரம் வெட்டப்பட்டது. அந்த இரண்டு வீட்டாரும் பல வருடங்கள் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே ஸஃப்பில் தொழுதார்கள், பேசிக்கொள்ளவில்லை. ஊறுகாய்க்குக் கிண்ணத்தோடு வந்து பறித்துப் போன பெண்களுக்கும் நஷ்டம், குருவிகளுக்கும் நஷ்டம்.

அந்த மரத்தை நினைக்கும்போதெல்லாம் உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந்தோட்டமும் நினைவுக்கு வரும். அங்கே வந்த நபி (ஸல்) அவர்கள், இதை நட்டவர் முஸ்லிமா இல்லையா என்று விசாரித்தார்கள். முஸ்லிம்தான் என்று பதில் வந்தது. ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ கால்நடையோ வேறெதுவோ சாப்பிட்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தை அப்போது சொன்னார்கள். ஜாபிர் (ரலி) வழியாக வரும் மற்றோர் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்படுவதும் நட்டவருக்கு ஸதகா என்று இருக்கிறது (முஸ்லிம்). திருடியவனுக்குப் பாவம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கணக்கில் நன்மை எழுதப்படுகிறது. பிறகு ஏன் மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கிறோம்?

அல்கலம் அத்தியாயத்தில் 17-ஆம் வசனத்திலிருந்து ஒரு தோட்டக்காரர்களின் கதை வருகிறது. விடியற்காலையில் பறித்துவிட வேண்டும், இன்று ஓர் ஏழைகூட உள்ளே நுழையக் கூடாது என்று கிசுகிசுத்துக்கொண்டே போனார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் அழிந்து கிடந்தது. வழி தவறி வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று திகைத்தார்கள். இத்தனைக்கும் அது அவர்களுடைய சொந்தத் தோட்டம்!

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முன்பக்கத்தில் இரண்டடி மண் இருந்தாலும் போதும், கனி தரும் செடி ஒன்று நடுங்கள். தெருவில் நாலைந்து வீட்டார் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கொய்யா, அடுத்ததில் மாதுளை, அதற்கடுத்ததில் எலுமிச்சை, இன்னொன்றில் சீத்தா. எல்லார் வாசலிலும் எல்லாருக்கும் உரிமை. பதியன் போட்ட கொய்யா இரண்டு மூன்று வருடத்தில் காய்த்துவிடும். ஆடு திரியும் தெருவாக இருந்தால் சீத்தா நல்லது, ஆடு அதன் இலையைத் தொடாது. விதையை மட்டும் கடித்து விழுங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

எலுமிச்சைக்கு முள் உண்டு. அதை வேலிக்கு உள்பக்கம் நடுங்கள், தெருப் பக்கம் நீளும் கிளையை வெட்டிவிடுங்கள். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. நாம் அந்த முள்ளைப் பாதையில் கொண்டுபோய் வைப்பவர்களாகிவிடக் கூடாது. தெரு எல்லாருக்கும் சொந்தம். அதில் ஒரு சாணைக்கூட செடியின் பெயரால் வளைத்துப் போட நமக்கு உரிமையில்லை.

முக்கியமான விஷயம் அனுமதி. மனதுக்குள் நினைத்தால் போதாது, வாயால் சொல்லுங்கள். கை எட்டியதைப் பறித்துக்கொள்ளலாம், கல்லெறியக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது என்று தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை பயந்து பயந்து பறிக்க வேண்டியதில்லை. அவன் வாயில் போவது ஹலால் என்ற தெளிவோடு சாப்பிடுவான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். வீட்டுக்குரியவர் வஃபாத்தாகிவிட்டால் செடி வாரிசுகளுக்கு உரியது. அவர்களிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டும், அவர்களில் யத்தீம் பிள்ளை இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பழம்தானே என்று இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் என்று சொன்னேன். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரரும் கிறிஸ்தவச் சகோதரரும் அதில் அடக்கம். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் (அபூதாவூத், திர்மிதி).

தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீட்டில் ஒளூ செய்யும் தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது? அதை ஒரு வாளியில் பிடித்து வேரில் ஊற்றினால் போதும். ஐந்து வேளைத் தொழுகையாளி இருக்கும் வீட்டில் செடி வாடினால் அது நம் சோம்பல்தான்.

கடைசியாக, முதல் பழம் பழுக்கும் நாளுக்கு ஒரு சுன்னத் இருக்கிறது. மதீனாவில் பருவத்தின் முதல் கனியை மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அதைக் கையில் வாங்கி, கனிகளிலும் ஊரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டி துஆச் செய்வார்கள். பிறகு அங்கிருப்பவர்களிலேயே மிகச் சிறிய பிள்ளையைக் கூப்பிட்டு அதைக் கொடுத்துவிடுவார்கள் (முஸ்லிம்). உங்கள் வாசல் கொய்யா பழுத்ததும், தெருவில் யாருடன் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களோ அவர் வீட்டுச் சின்னப் பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் தெருக்களின் கனிகளிலும் எங்கள் அண்டை வீட்டாரிலும் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.