முள் நின்றால்தான் படம்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் வாட்ச் கடை விளம்பரப் பலகை எதையாவது அண்ணாந்து பார்த்தால் மணி பத்து பத்து. காலையில் கடை திறக்கும்போதும் அதுதான், ராத்திரி ஷட்டரை இறக்கும்போதும் அதுதான். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் ஆகட்டும், பல லட்சம் விலைபோகும் சுவிஸ் வாட்ச் ஆகட்டும், படத்தில் நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை. டைமெக்ஸ் இன்னும் கறார்: 10 மணி 9 நிமிடம் 36 விநாடி.

காரணம் எளிது. நிறுவனத்தின் பெயர் வழக்கமாக 12-க்குக் கீழே இருக்கும். இரண்டு முட்களும் அதை மறைக்காமல் இருபுறமும் விரிந்து நிற்கும். 3-இல் உள்ள தேதிக் கட்டமும் தப்பிக்கும். 1920-களில் 8:20 என்று வைத்துப் படமெடுப்பதும் வழக்கமாக இருந்தது. முள் தொங்கினால் முகம் வாடியதுபோல் தெரிகிறது என்று பிறகு மேலே தூக்கிவிட்டார்கள் என்பார்கள். அமெரிக்க அதிபர் லிங்கன் சுடப்பட்ட நேரத்தின் நினைவாகப் பத்து பத்து என்று வைக்கிறார்கள் என்பது கட்டுக்கதை. அவர் இறந்தது 1865-இல். அதற்கு அரை நூற்றாண்டு கழித்தும் 8:20 விளம்பரம் வந்துகொண்டிருந்தது.

விநோதம் இனிமேல்தான். வாட்சை மிக நெருங்கிப் படமெடுக்கும்போது ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட முழுசாகத் தெளிவாக விழாது. எழுத்து துலங்கினால் முள் மங்கும், முள் துலங்கினால் விளிம்பு மங்கும். ஆகவே ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்குகிறார்கள். கண்ணாடியில் கேமராவின் முகமே தெரியும் என்பதால் சுற்றிலும் டிரேசிங் பேப்பரால் கூடாரம்; பளபளக்கும் முள் வெளிச்சத்தில் கரைந்துபோகாமல் இருக்க ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டை. இத்தனையும் நடக்கும் நேரத்தில் விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தால் படத்தில் முப்பது முள் முளைக்கும். அதனால் சாவிக் குமிழை வெளியே இழுத்து வாட்சை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆக, ஒரே கணம் போலத் தெரியும் அந்தப் படம் ஒரு கணத்தில் எடுத்ததல்ல. பல நிமிடங்களின் அடுக்கு. அதில் காட்டும் நேரமோ எடுத்தவரின் நேரமும் அல்ல. அப்படியானால் ‘இப்போது’ என்று அது காட்டுவது எதை?

இந்தக் கேள்வியைத் தாமிரபரணி கேமராவுக்கு வெகு முன்பே கேட்டுவிட்டது. ஆறு கடலைச் சேரும் முன் வருகிற ஆத்தூரை இன்று வெற்றிலைக்காகத்தான் பலருக்கும் தெரியும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், 13-ஆம் நூற்றாண்டில், கொற்கையை ஒட்டிய இந்த ஊரில் வாழ்ந்தவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காலம் மூன்று என்று தொல்காப்பியர் சொன்ன இடத்தில் அவர் ஒரு முடிச்சைப் போடுகிறார். தொழில், அதாவது செயல், என்பது ஒரு பொருள் இடம் பெயர்வது. அந்தப் பெயர்வு ஒரு கணம்தான் நிற்கும், இரண்டாம் கணம் இல்லை. எனவே சரியாகப் பார்த்தால் நிகழ்காலம் என்று ஒன்று தொழிலுக்குக் கிடையாது. பிறகு அவரே முடிச்சை அவிழ்க்கிறார்: உண்பது என்பது எடுப்பது, மெல்வது, விழுங்குவது என்று பல தொழில்களின் தொகுதி. தொகுதியை ஒன்றாக எண்ணிக்கொள்வதால் நிகழ்காலம் உண்டாகிறது.

முப்பது படத்தை ஒன்றாக அடுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எந்த கேமரா கையேட்டிலும் இருக்காது. கிரேக்கத்து ஜீனோ பறக்கும் அம்பைக் கணம் கணமாக அறுத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்; ஆத்தூர்க்காரர் சாப்பிடுகிறவனைத் தொடர்ந்து சாப்பிடவும் விட்டார்.

மொழியும் இதற்குச் சாட்சி. ‘உண்ணாநின்றான்’ என்பது பழைய நிகழ்கால வடிவம். நன்னூல் சொல்லும் நிகழ்கால இடைநிலைகளில் ‘ஆநின்று’ம் ஒன்று. உள்ளே ‘நின்று’ ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு நெல்லையில் ‘சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்’ என்னும்போதும் ஓர் ‘இரு’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நடப்பதைச் சொல்ல நிற்பதையோ இருப்பதையோ கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சேனாவரையரிடம் ஓர் ஓட்டை உண்டு. பலவற்றை ஒன்றாக எண்ணிக்கொள்வது யார்? அவருக்கு அது பேசுகிறவரின் வழக்கு. அதோடு விட்டுவிடலாம், இலக்கணக்காரர் அவர். ஆற்றின் மேல்கோடியில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785-இல் மறைந்த சிவஞான முனிவர் அப்படி விட முடியாது. நன்னூல் விருத்தியுரையைத் திருத்திய அதே கை சிவஞான மாபாடியமும் எழுதியது. அவர் சார்ந்த சைவ சித்தாந்தத்தில் காலம் 36 தத்துவங்களுள் ஒன்று. வைசேடிகர் சொல்வதுபோல் என்றுமுள்ளது அல்ல. மாயையில் தோன்றும் சடம். உயிர் வினையை நுகர்வதற்காகவே அது இருக்கிறது. இறந்தகாலம் எல்லை கட்டும், நிகழ்காலம் பலன் தரும், எதிர்காலம் புதுமை காட்டும் என்று அந்த மரபு பிரிக்கிறது. தொகுப்பவர் யார் என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது: நுகரும் உயிர். கணினியும் முப்பது படத்தைத் தொகுக்கிறது, ஆனால் அதற்கு நுகர ஒன்றுமில்லை. (விளம்பரக்காரர்களுக்கு இந்த மூன்றில் கடைசி ஒன்று மட்டும் போதும். அவர்கள் விற்பது புதுமை.)

உயிர் என்ற ஒன்றை ஒப்பாதவருக்கு இந்தப் பதில் செல்லாது. எல்லாம் கணந்தோறும் அழியும் என்று கணபங்கம் பேசிய பௌத்தர்கள், தொகுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதே நம் பழக்கத்தின் மயக்கம் என்பார்கள். சேனாவரையரின் முதல் பாதி அவர்களுக்குப் பிடித்திருக்கும்.

மறுபடி படமெடுக்கும் இடத்துக்கு வருவோம். அந்த டிரேசிங் பேப்பர் கூடாரத்துக்குள் எல்லா வாட்சும் சொன்னபடி கேட்பதும் இல்லை. 1961-இல் பெங்களூருவில் எச்.எம்.டி. வாட்ச் உற்பத்தியைத் தொடங்கிய காலத்துப் பழைய சாவி கொடுக்கும் வாட்சுகள் பலவற்றில், குமிழை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. விநாடிக்கு ஐந்து துடிப்பு வீதம் அது தன் பாட்டுக்கு ஓடும். படமெடுப்பவர் சாவி தீரும்வரை, ஒரு நாளுக்கு மேலேயே, காத்திருக்க வேண்டும். தானாக ஓய்ந்த பிறகு கையில் எடுத்து முட்களைப் பத்து பத்துக்குத் திருப்புவார். அந்த அசைவு போதும், சில நேரம் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.