வண்டி ஏன் நிற்கிறது

பயணம் தடைபட்டு வேலை கெடும்போது ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. எல்லாம் நன்மைக்கே என்பார் ஒருவர். கிடைத்த நேரத்தில் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமே என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது கட்சிக்காரர்களிடம் ஒரு கதையும் தயாராக இருக்கும்: 1930-இல் பம்பாயில் கப்பலேறிய பத்தொன்பது வயது இயற்பியல் மாணவர் சந்திரசேகர், இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் வெண்குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்குப் போட்டுவிட்டார். நல்ல கதைதான். ஆனால் அது நீண்ட பயணம். தடைபட்ட பயணம் அல்ல. நின்றுபோன ரயிலில், சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும் செல்போனில், ‘எங்கே வந்துட்டிருக்கீங்க?’ என்று அழைப்புமேல் அழைப்பு வரும்போது, என் பொறுமையின் உச்சவரம்பைத் தவிர வேறெதுவும் எனக்குப் புலப்பட்டதில்லை.

விழுப்புரத்திலிருந்து மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற பாதை ஒற்றைத் தடம். எதிர்வண்டி வந்து ஒதுங்கினால்தான் நம் வண்டி நகரும். ‘கிராஸிங்’ என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், பெட்டியே அடங்கிவிடும். காரணம் தெரிந்த தாமதம் பாதித் தாமதம்தான். கும்பகோணத்தில் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்க ஒரு மழைக்காலத்தில் போய்க்கொண்டிருந்தபோது, கடலூர் தாண்டி ஒரு சிறிய ஸ்டேஷனில் வண்டி நின்றது. எதிர்வண்டி வந்தது, போனது. எங்கள் வண்டி அசையவில்லை. அப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்றார் ஒருவர். இந்த நாட்டில் எதுவுமே உருப்படாது என்றார் மற்றொருவர். முன்னால் எங்கோ தண்டவாளத்தைப் பார்க்க ஆள் போயிருக்கிறது என்ற சேதி கடைசியாகத்தான் வந்தது. அதை யாரும் அவ்வளவாக மதிக்கவில்லை.

வகுப்பை ஏற்பாடு செய்தவருக்குப் போன் போட்டேன்.

‘சார், எப்ப எடுப்பாங்கன்னே தெரியல.’

‘அதனால என்னங்க சார். மத்தியானம் பேச வேண்டியவரக் காலையிலயே பேசச் சொல்லிட்டேன். நீங்க பதட்டப்படாம வாங்க.’

பதட்டம் போய்விட்டது. ஜன்னலோரம் நெல் வயலைப் பார்க்கவும், எதிரே இருந்த அம்மா நீட்டிய முறுக்கை வாங்கிக்கொள்ளவும் மனசு இடம் கொடுத்தது. அந்த நேரத்தில் என்னைப் பார்த்தவர்கள் நிதானமான மனிதர் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த நிதானம் என் சொந்தச் சரக்கு இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்று குறிப்புகளைப் பாதி எழுதி வைத்திருந்த ஒருவர், அவசர அவசரமாக மேடையேறிக்கொண்டிருந்தார். அவருடைய பரபரப்பில்தான் நான் பொறுமையாக இருந்தேன். தாமதம் கரைந்துபோவதில்லை, கைமாறுகிறது. அதை யாரோ வாங்கிக்கொள்வதால்தான் நமக்குப் பொறுமை வாய்க்கிறது. ஆகவே நன்றி சொல்வதென்றால் தாமதத்துக்கு எதற்கு? அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும்: வண்டியை நிறுத்தியவருக்கு.

வண்டி நிற்காமல் போன நாள்களும் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி வெள்ளத்தில் சேதமாகியிருந்த மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகியது இதற்காகத்தான். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, விசில் ஊதிக்கொண்டே முன்னேறினார் என்று சொல்வார்கள். புயலில் எழுந்த கடல் அந்த வண்டியை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கொண்டுபோனது. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி போகக்கூடாது என்ற ஏற்பாடு பின்னாளில் இருந்தது. மண்டபம் ஸ்டேஷனில் மணிக்கணக்கில் நின்று காற்றைத் திட்டியவர்கள் எத்தனையோ பேர்.

2023 டிசம்பர் 17 இரவு வண்டி நின்றது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி மேலே போகவிடாமல் நிறுத்தினார். அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்க் கம்பிகள் அந்தரத்தில் தொங்கின. சுமார் 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு நாள்கணக்கில் அங்கே கிடந்தார்கள். அவர்களிலும் அடுத்த நாள் ஆபீஸ் போக வேண்டியவர்கள், கூட்டம் வைத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் தவித்த நிலையிலும், இருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள்.

இதை வைத்து, தாமதமானால் கைகூப்பி உட்காருங்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அலட்சியத்தாலும் தாமதம் ஆகிறது. அதைக் கேட்கத்தான் வேண்டும். அதோடு, பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு மணி நேரம் போனால் ஒரு மன்னிப்போடு முடியும். முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் வருகிற சித்தாளுக்கு அன்றைய கூலியே போகும். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையனுக்கு மறுபடி அழைப்பு வராமலே போகலாம். அவர்களிடம் நன்றியுணர்வைப் பற்றிப் பேசுவது அநியாயம். வேலை கொடுப்பவரிடம் பேசலாம்: வண்டி நின்றதற்காகக் கூலியைப் பிடிக்காதே என்று.

ரயில்வேயில் ஒரு வண்டி தாமதமானால் அது எந்தத் துறையின் கணக்கில் என்று எழுதியாக வேண்டும். எஞ்சினியரிங்கா, சிக்னலா, இயக்கமா என்று வாதம் நடக்கும். மழையிருட்டில் விளக்கோடு தண்டவாளத்தோரம் நடந்துபோய், ஏதோ சரியில்லை என்று வண்டியை நிறுத்தச் சொன்ன ரோந்துக்காரரின் வேலையும் அந்தப் பதிவேட்டில் இழந்த நிமிடங்களாகத்தான் ஏறும். மருதையாற்றுக்கு முன்னால் அன்று யாராவது நிறுத்தியிருந்தாலும் அதே கதைதான். பயணிகள் விடியவிடியத் திட்டியிருப்பார்கள். தூத்துக்குடியில் சில வேலைகள் கெட்டிருக்கும். நிறுத்தியவரிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோகூட வந்திருக்கலாம்.