கடன்பட்ட ஊர்

பகல் முழுக்க அன்னமிட்டுவிட்டு இரவில் அவர் வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் காஞ்சி வரதராஜர் கோயில்வரை கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்ட செல்வந்தர் ஒரு நாள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, இராமானுசரோடு இருக்க வேண்டும் என்று சீரங்கத்துக்கு நடந்தார். காட்டு வழியில் அவர் மனைவி ஆண்டாளுக்குப் பயம் வந்தது. மடியில் ஏதாவது இருக்கிறதா என்று கணவர் கேட்டார். அவர் சாப்பிடுவதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தார். அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு மேலே நடந்தார். அவர்தான் கூரத்தாழ்வான். கூரத்தில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னதியும் இருக்கிறது.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் வட்டிலை எறிந்த இடத்தில் நிறுத்தி, அவருடைய துறவை வியப்பார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய பகுதிதான் பெரிதாகப் படுகிறது. சீரங்கத்தில் அவர் வீடு வீடாகப் போய் அரிசி வாங்கிச் சாப்பிட்டார். மழை பெய்து வெளியே போக முடியாத ஒரு நாள் இருவரும் பட்டினி கிடந்தார்கள். இரவு கோயிலிலிருந்து பிரசாதம் வந்தது என்கிறது குருபரம்பரைக் கதை. ஊருக்கே சோறு போட்ட மனிதர் வேறொரு ஊரில் அடுத்தவர் வாசலில் கை நீட்டி நிற்கிறார். பொன்னை எறிய ஒரு நிமிடம் போதும். கொடுத்துப் பழகிய கையை வாங்கப் பழக்குவதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்!

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் என் அக்கா மகன். படிப்பை முடித்த கையோடு மிஷனரியாகத் தான்சானியாவுக்குப் போயிருக்கிறான். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் குடும்பம் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் இது கனவு கண்டு செய்கிற காரியம். கால்டுவெல், போப் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாங்கள். மருந்து, கொசுவலை, பிள்ளைகளுக்குக் கால்பந்து, ஒரு கித்தார் என்று பெட்டி நிறையக் கொண்டுபோனான். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். யாருக்காவது காய்ச்சல் என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் போனில் பேசும்போது குரல் இறங்கியிருந்தது. "எல்லாரும் மரியாதையாத்தான் பழகுதாங்க, சித்தி. ஆனா ஒருத்தரும் சும்மா வந்து உக்காந்து பேச மாட்டேங்காங்க. நான் இன்னும் விருந்தாளியாத்தான் இருக்கேன்."

கேட்டதும் எனக்கு என் நிலைமை ஞாபகம் வந்தது. கணவரின் வேலைக்காகக் கூரத்துக்குக் குடிவந்த புதிதில், யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் கல்கலாவும் செய்து தெரு முழுக்கக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் தறி. அந்த அம்மா காலை மடக்கி உட்கார்ந்து, அறுந்த பட்டிழையை விரல் நுனியில் முறுக்கி இணைத்தபடியே, ஒரு நாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, வந்ததுலேர்ந்து ஒரு கரண்டி உறை மோருகூட எங்கூட்ல நீ கேட்டதில்ல. நாங்க இன்னா வேத்து ஆளா?" மறுநாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகுதான் அவர் மகளின் கல்யாணப் பேச்சு, கூலி பாக்கி, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் என் அடுப்படிக்கு வந்தன. ஊரில் குடியேறியது வேன் வந்து சாமான் இறக்கிய நாளிலா, மோர் கேட்ட நாளிலா என்று கேட்டால், இரண்டாவது நாளைத்தான் சொல்வேன்.

அக்கா மகனுக்கு என் கதையைவிடப் பெரிய கதை வேண்டும். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் கதையைச் சொன்னேன். பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, ஹென்ரிக் புளூட்சோ என்ற துணையோடு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். என் அக்கா மகனின் வயதுதான். உடம்பும் அவ்வளவு வலு இல்லை. அரசரின் கடிதம் கையில் இருந்தும், டேனிஷ் கம்பெனியின் அதிகாரிகள் அவரை வேண்டாத ஆளாகவே நடத்தினார்கள். வெள்ளைக்காரர்களிடமிருந்து கிடைக்காத வரவேற்பு அவருக்கு ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. ஒரு வயதான வாத்தியார், மணலில் விரலால் எழுதும் சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் கால் மடக்கி உட்கார்ந்து அ, ஆ எழுதும் ஒரு ஜெர்மானியர்.

அவருடைய அன்றாடத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். காலை 7 மணிக்கு முந்தின நாள் சொற்களைத் திரும்பப் படிப்பார். 8 மணி முதல் 12 வரை, அதுவரை பார்க்காத தமிழ் நூல்கள். ஒரு முதிய புலவர் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொல்வார். ஒரு எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் 3 மணிக்கு மறுபடி வாசிப்பு. இரவு கண் களைத்துப்போனதும் யாராவது ஓலையை வாசிக்க, காதால் கேட்பார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்த்து உதவினார். இப்படி 1708க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி ஒரு பட்டியல் ஆக்கினார். திருக்குறளும் அதில் இருக்கிறது. தமிழர்களை நாகரிகம் இல்லாதவர்கள் என்று எண்ணி வந்ததாகவும், மொழியைக் கற்று நூல்களைப் படித்த பிறகே அந்த எண்ணம் மாறியதாகவும் அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

இதை ஒரு புனிதர் கதையாகச் சொல்லி முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. வந்த தொடக்க காலத்தில் இதே மனிதர் வழியிலிருந்த ஒரு கோயிலில் மண் சிலைகளைத் தள்ளிவிட்டு, சிலவற்றின் தலையை உடைத்தார். அதையும் அவரே எழுதியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், இவை கடவுள் அல்ல, கடவுளின் காவலர்கள் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினார். சொந்தச் சாமியை உடைத்தவனுக்கு அதன் பொருளை விளக்குகிற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. கிறிஸ்தவளாக இருந்துகொண்டு அதைப் படிப்பது இன்னும் கனமானது.

ஆனால் உடைத்த கையே பிறகு எழுதவும் செய்தது. 1712 முதல் சீகன்பால்குவும் அவருடன் இருந்த இன்னொரு மிஷனரியும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதமாகப் பதில் வாங்கினார்கள். உங்கள் வழிபாடு என்ன, பாவம் என்று எதைச் சொல்கிறீர்கள், எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பதில் எழுதியவர்கள் தயங்கவில்லை. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, சொல்வதற்கும் நடப்பதற்கும் பொருத்தமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். சீகன்பால்கு அந்தக் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்துத் தன் ஊருக்கே அனுப்பினார். அங்கே அவை அச்சாயின. 1713இல் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை முடித்தார். சிவனும் திருமாலும் மட்டுமல்லாமல் ஐயனாரும் ஊர் எல்லை அம்மன்களும், மக்கள் வாயால் சொன்னபடி அதில் இடம்பெற்றார்கள்.

அந்த நூலை, இந்த மிஷனுக்குப் பின்னால் நின்ற ஹாலே நகரத்துப் பெரியவர் பிராங்கே அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் மிஷனரிகளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் வாதம். கையெழுத்துப் படி அப்படியே கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சானது. எழுதியவர் 1719 பிப்ரவரியிலேயே, 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்துவிட்டிருந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே கல்லறை இருக்கிறது.

மதம் மாற்றுவதற்குத்தானே கற்றார், அதைக் கற்றல் என்று சொல்லலாமா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடைசிவரை சீகன்பால்குவின் நோக்கம் மாறவில்லை; அதை மறைத்துப் பேசுவது அவருக்கும் மரியாதை ஆகாது, அவருக்குப் பதில் எழுதிய தமிழர்களுக்கும் மரியாதை ஆகாது. ஆனால் நாள்தோறும் ஆறு மணி நேரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவன், வந்தவனாகவே இருந்துவிட முடியாது. அவர் எவ்வளவு தூரம் மாறியிருந்தார் என்பதைப் பிராங்கே சரியாகவே கண்டுகொண்டார். அதனால்தான் நூலை மறுத்தார் என்று நினைக்கிறேன்.

புதிய இடத்துக்கு நல்ல மனதோடு போகிறவர்கள், அந்த இடத்துக்கு என்ன குறை, நாம் என்ன கொண்டுபோகலாம் என்றே கணக்குப் போடுகிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் பெட்டி கட்டினான். கொடுப்பவன் மேலே நிற்கிறான். அவன் எவ்வளவு தாழ்மையாக இருந்தாலும் அந்த உயரம் குறைவதில்லை. அவனுக்கு ஒன்று தேவைப்பட்டு, அது எதிரே இருப்பவரிடம் மட்டும் கிடைக்கும் என்ற நிலை வந்தால்தான் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார முடியும். சீகன்பால்குவுக்கு அந்தத் தேவை தமிழ். கூரத்தாழ்வானுக்குச் சோறு.

இதை எல்லாரையும்விடக் கூர்மையாகச் சொன்னவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா. 1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேச எழுந்தார். அரங்கு நிறைய மேலை நாட்டு மிஷனரிகள். ஆசியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கெல்லாம் நன்றி உண்டு; ஆனால் நாங்கள் கேட்பது நட்பு என்ற பொருள்பட அவர் பேசி முடித்தார். கூட வேலை செய்யும் இந்தியரை ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு அழைக்காத மிஷனரிகளைப் பற்றியும் அதில் சொன்னார். பலருக்குக் கோபம் வந்தது. அவர் பேசியதில் பெரும்பகுதி மறந்துபோனாலும் நட்பைக் கேட்ட அந்த முடிவு நூறு ஆண்டு தாண்டியும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அசரியா அதை வாதத்தோடு விட்டுவிடவில்லை. அவரே ஒரு குடியேறியவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1909இல் நிஜாம் ராஜ்ஜியத்துத் தோர்ணக்கல்லுக்குத் தானே போனார். நாடு ஒன்றாக இருந்தாலும் மொழி வேறு, சாப்பாடு வேறு, வெயிலும் வேறு. தெலுங்கை முதலிலிருந்து கற்றார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1939இல் அங்கே திறக்கப்பட்ட பேராலயத்தில் கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் கோபுரங்களின் சாயலும் கலந்திருக்கின்றன. தான் இருக்கப்போன ஊரின் கண்ணுக்கு எது அழகோ, அதை வாங்கிக் கட்டிய கட்டடம் அது.

கூரத்துச் செப்பேடு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் கொடுத்தது. கோயிலுக்கும் மறையோருக்கும் நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுப்பவருக்கு ஒரு பங்கு, அங்கே பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறது. வந்து உட்காருகிறவனுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் கதையும் கொடுக்க இந்த ஊர் அன்றே ஆள் வைத்திருந்தது. எந்த ஊரும் அப்படித்தான் என்று நம்புகிறேன். தான்சானியாவின் அந்தச் சிற்றூரிலும் கதை சொல்லும் கிழவர் ஒருவர் இல்லாமலா போய்விடுவார்?

அழகப்பனைப் பற்றியும் அக்கா மகனிடம் சொன்னேன். சீகன்பால்குவுக்கு நாவாக இருந்த அந்த மனிதர் அதற்காகவே கஷ்டப்பட்டார். தரங்கம்பாடியைவிட்டே வெளியேற நேர்ந்தது. புதியவனுக்கு உதவுகிற உள்ளூர்க்காரர் இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவார். மிஷனரி ஒரு நாள் கப்பல் ஏறலாம், சீகன்பால்குவே 1714இல் ஐரோப்பாவுக்குப் போய்த்தான் திரும்பினார். அழகப்பன் எங்கே ஏறுவார்? ஆகவே வாங்கிக்கொள்வதிலும் கவனம் வேண்டும். யாரிடம் வாங்குகிறோமோ அவர் அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

அவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சுவாஹிலி கற்க ஒரு செயலியை வைத்துக்கொண்டு தனியாகப் படிப்பதாகச் சொன்னான். "அதை மூடி வைலே" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வாழைப்பழம் விற்கிற பாட்டி ஒருத்தி இருக்கிறாளாம்; இவன் சுவாஹிலியில் ஏதாவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாளாம்; வெட்கப்பட்டு இவன் அந்தப் பக்கமே போவதில்லையாம். நாளைக்கே போய் அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார், அவள் சிரிக்கட்டும், ஒவ்வொரு பழத்துக்கும் என்ன பேர் என்று கேள், அவள் பேரையும் கேட்டு எழுதி எனக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.